குட்டி விமானத்தில் எஞ்சின் பொருத்த உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

கம்ப்யூட்டர் வாங்கியதும் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகளில் ஒன்று ஃபயர்வால். இன்டர்நெட் வழியாக வேண்டாதவர்கள் உள்ளே நுழையாமல் தடுக்கும் காவல்காரன் அது என்று படித்திருப்பீர்கள். நான் இங்கே சொல்லப்போகும் ஃபயர்வால் வேறு. ரேடியோ கண்ட்ரோலில் பறக்கும் மாடல் விமானத்தின் மூக்கில், எஞ்சினுக்கும் உடல் பகுதிக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் பலகை நிற்கும். அதற்கும் இதே பெயர்தான். பார்க்கப்போனால் இந்தப் பெயரில் மூத்த உரிமை அதற்கே உண்டு. முதலில் கட்டடங்களில் தீ பரவாமல் கட்டிய சுவர், பிறகு கார்களிலும் விமானங்களிலும் எஞ்சினுக்குப் பின்னால் வைத்த தடுப்பு என்று வந்து, 1980களின் இறுதியில்தான் கம்ப்யூட்டர்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள்.

இந்தப் பலகையில் நான்கு துளை போட்டு எஞ்சினை மாட்ட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? அந்த நான்கு துளைகளைத் தவறாகப் போட்டுத்தான் என் முதல் விமானத்தை இழந்தேன். அதற்குக் காரணம் டிரில் அல்ல, பிரிண்டரில் நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஒரு ஆப்ஷன்.

என் விமானத்துக்கு என்ன ஆயிற்று?

2019 ஆம் ஆண்டு இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்திருந்தேன். மஸ்கட்டில் இருந்த என் சித்தப்பா ஊருக்கு வந்தபோது, ஒன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமான இறக்கை நீளம் கொண்ட ஒரு ட்ரெயினர் விமானத்தின் கிட்டையும், 6.5 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். மெத்தனால், எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் க்ளோ எஞ்சின் அது. 1947 இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக்தான் இந்த வகை எஞ்சின்களின் உயிர். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பிளக்குக்கு மின்சாரம் கொடுத்தால் போதும், பிறகு அதன் கம்பி தானாகவே கனன்று கொண்டிருக்கும்.

கிட்டுடன் வந்த சிடியில் பிடிஎஃப் வடிவில் கையேடு இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், ஃபயர்வாலில் ஒட்டித் துளையிடுவதற்கான படம். பிரிண்ட் எடுத்தேன், ஒட்டினேன், நான்கு துளை போட்டேன். எஞ்சின் மவுண்ட்டை வைத்துப் பார்த்தால் போல்ட்டுகள் உட்காரவில்லை. மவுண்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அதன் துளைகளை அரத்தால் ராவி நீள்வட்டமாக்கி ஒரு வழியாக மாட்டிவிட்டேன். கெட்டியாகத்தான் இருப்பதுபோல் இருந்தது.

செங்கல்பட்டு பக்கம் வற்றிக் கிடந்த ஓர் ஏரிப் படுகையில் மூன்றாவது முறை பறக்கவிட்டபோது எஞ்சின் சத்தம் திடீரென்று மாறியது. இரண்டு போல்ட்டுகள் கழன்று விழுந்திருந்தன. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் த்ராட்டில் கம்பி முழு வேகத்திலேயே சிக்கிக்கொண்டது. கையில் உள்ள ரிமோட்டில் எவ்வளவு குறைத்தாலும் வேகம் குறையவில்லை. பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு, தூரத்தில் கிரிக்கெட் ஆடிக் கொண்டிருந்த பையன்கள் பக்கம் போயிற்று. விக்கெட் கீப்பராக நின்ற சிறுவனுக்குப் பதினைந்து அடி தள்ளி மூக்கு குத்தி விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் உடைந்த ப்ரொப்பெல்லர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இது உங்களுதா?" என்று கேட்டான். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது. அன்றைக்கு வீடு திரும்பும் வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று இரவு ஸ்கேலை எடுத்து அந்தப் பிரிண்ட்டை அளந்தேன். 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 38.4 மில்லிமீட்டர் இருந்தது. இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமா?

எஞ்சினை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

துளைகளின் அளவுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் எஞ்சின் எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மாடல் விமானத்தில் தனியாக எடுத்துப் பார்த்தால் மிகக் கனமான பாகங்களில் ஒன்று எஞ்சின். அது பத்து மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்ந்தாலும் விமானத்தின் ஈர்ப்பு மையம் நகரும். என் விமானத்தின் கையேடு, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 80 மில்லிமீட்டர் பின்னால் ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும், 5 மில்லிமீட்டருக்கு மேல் மாறக்கூடாது என்று சொன்னது. மையம் அதிகமாக முன்னால் போனால் விமானம் மந்தமாக, தலைகனத்து இறங்கும், பிடித்துச் சமாளித்துவிடலாம். பின்னால் போனால் அப்படியல்ல. ஸ்டிக்கைத் தொட்டாலே துள்ளும், மூக்கைத் தூக்கும், வேகம் இழந்து விழும். புதிதாகப் பழகுபவரால் அதை அடக்கவே முடியாது.

கட்டி முடித்த பிறகு விரல் நுனிகளில் தாங்கிப் பார்த்து, வால் தொங்கினால் மூக்கில் ஈயக்கட்டி ஒட்டுவதுதான் பலர் செய்வது. துளை போடுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிட்டால் இந்த ஈயத்தில் பெரும்பகுதி மிச்சம். இரண்டாவது விமானத்தை அதே கிட்டில், அதே எஞ்சினுடன் கட்டியபோது அப்படித்தான் செய்தேன்.

இதற்கு லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். இலவசமாகவே டவுன்லோட் செய்து கொள்ளலாம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம், வழிமுறை ஒன்றுதான். பள்ளியில் திருப்புத்திறன் என்று படித்தோமே, எடையைத் தூரத்தால் பெருக்குவது, அதேதான் இங்கும். விமானத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். சுவருக்கும் ஃபயர்வாலுக்கும் 200 மில்லிமீட்டர் இடைவெளி. இறக்கையின் முன் விளிம்பு சுவரிலிருந்து 430 மில்லிமீட்டர். எல்லாத் தூரத்தையும் சுவரிலிருந்தே அளப்பதால் மைனஸ் குறி எங்கும் வராது.

கால்க்கைத் திறந்து முதல் நெடுவரிசையில் பாகத்தின் பெயர், இரண்டாவதில் எடை, மூன்றாவதில் தூரம் என்று தலைப்பிட்டு நிரப்புங்கள். எடைக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தூரம் என்பது அந்தந்தப் பாகத்தின் நடுப்பகுதி வரை. என் விமானத்தின் அளவுகள் இவை (கிராம், மில்லிமீட்டர்):

எஞ்சின், சைலன்சர், மவுண்ட்: 430, 130
ப்ரொப்பெல்லர், அதன் கூம்பு: 50, 80
காலி எரிபொருள் டாங்க்: 40, 290
ரிசீவர் பேட்டரி: 100, 330
முன் சக்கரம்: 80, 220
இறக்கை: 700, 545
பின் சக்கரங்கள்: 120, 560
ரிசீவர், சர்வோ மோட்டார்கள்: 170, 560
உடல்: 520, 700
வால்: 180, 1180

நான்காவது நெடுவரிசைக்கு வாருங்கள். முதல் பாகத்துக்கு நேரே உள்ள செல்லில் ஈக்வல் குறி தட்டி, எடை உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி தட்டி, தூரம் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 55,900 என்று வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கடைசி வரிசை வரை கீழே இழுத்தால் மற்றவற்றையும் கால்க்கே பெருக்கிவிடும். இனி எடைகளைக் கூட்டுங்கள்: 2,390. பெருக்கி வந்தவற்றைக் கூட்டுங்கள்: 12,42,400. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 519.8. அதாவது சுவரிலிருந்து ஏறக்குறைய 520 மில்லிமீட்டரில் ஈர்ப்பு மையம். முன் விளிம்பு 430 இல் இருப்பதால் 90 மில்லிமீட்டர் பின்னால். இருக்க வேண்டியதோ 80.

முதல் விமானம் ஏன் அப்படித் துள்ளியது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். கையேடு 7.5 சிசி எஞ்சினை மனதில் வைத்து எழுதப்பட்டது. என் எஞ்சின் அதைவிடச் சுமார் 100 கிராம் குறைவு. போல்ட் கழலாமல் இருந்திருந்தாலும் அந்த விமானம் நெடுநாள் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே.

இனி விளையாட்டு ஆரம்பம். ஸ்ப்ரெட்ஷீட்டின் அழகே, ஓர் எண்ணை மாற்றினால் விடை உடனே மாறுவதுதான். பேட்டரியை டாங்க்குக்குக் கீழே நுழைத்து ஃபயர்வாலை ஒட்டி வைத்தால்? 330 ஐ அழித்து 220 என்று தட்டினேன். விடை 515.2. எஞ்சினை மவுண்ட்டில் 15 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால்? 130 ஐ 115 ஆகவும், ப்ரொப்பெல்லரின் 80 ஐ 65 ஆகவும் மாற்றினேன். 512.2. மவுண்ட்டின் கைகளில் அதற்கு மேல் இடமில்லை. கடைசி வரிசையில் "ஈயம்" என்று சேர்த்து, ஃபயர்வால் இருக்கும் 200 இல் 17 கிராம் போட்டதும் 510 வந்துவிட்டது. எதையும் நகர்த்தாமல் ஈயம் மட்டும் ஒட்டியிருந்தால் 76 கிராம் வேண்டியிருந்திருக்கும். புதிய வரிசை சேர்த்தால் அது கூட்டல் பார்முலாவுக்குள் வருகிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

டாங்க்கை ஏன் காலியாகக் கணக்கிட்டேன் என்று கேட்கலாம். டாங்க் நிரம்பினால் சுமார் 200 கிராம் எரிபொருள் 290 இல் வந்து உட்காரும். மையம் 17 மில்லிமீட்டர் முன்னால் போகும். எரிபொருள் தீரத் தீர அது பின்னோக்கி வரும். மோசமான நிலை என்பது காலி டாங்க்கில் இறங்கும்போதுதான். எனவே அந்த நிலையில் சரியாக இருந்தால் போதும்.

மின் மோட்டாரில் பறப்பவர்களுக்கும் இதே ஷீட் பொருந்தும். அங்கே மோட்டார் எடை குறைவு, பேட்டரி கனம். ஆகவே பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தியே சமன் செய்துவிடலாம். இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதும் மின் மோட்டார்தான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

மூக்கு ஏன் கோணலாக இருக்கிறது?

நல்ல ட்ரெயினர் விமானத்தை மேலிருந்து பார்த்தால் எஞ்சின் சற்று வலப்பக்கம் திரும்பியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சற்றுக் கீழே குனிந்திருக்கும். கிட் செய்தவரின் கைப்பிழை என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள், வேண்டுமென்றே செய்தது. ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று நேராகப் பின்னால் போவதில்லை, திருகு போலச் சுற்றிக்கொண்டு போய் நிமிர்ந்த வாலின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடது பக்கம் திருப்பும். எஞ்சினை வலப்பக்கம் 2 டிகிரி திருப்பி வைப்பது அதைச் சரிக்கட்ட. வேகம் கூட்டும்போதெல்லாம் இறக்கை விமானத்தை மேலே தூக்கும், அதைக் கட்டுப்படுத்தக் கீழ்நோக்கி 3 டிகிரி. இவை என் கையேட்டின் அளவுகள். உங்கள் கிட்டில் வேறாக இருக்கலாம். சில கிட்களில் ஃபயர்வாலையே இந்தக் கோணத்தில் ஒட்டியிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். பார்க்காமல் நீங்களும் சாய்த்தால் கோணம் இரட்டிப்பாகிவிடும்.

கோணத்தால் ஒரு சிக்கல் வரும். எஞ்சினை வலப்பக்கம் திருப்பினால் ப்ரொப்பெல்லரும் வலப்பக்கம் போய்விடும், மூக்கின் நடுவில் இருக்காது. அதனால் மவுண்ட்டை அந்த அளவுக்கு இடப்பக்கம் தள்ளிப் பொருத்த வேண்டும். எவ்வளவு? ஃபயர்வாலிலிருந்து ப்ரொப்பெல்லர் வரை உள்ள தூரத்தைக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கால்க் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும். டேன் ஃபங்ஷனுக்குள் 2 என்று கொடுத்து 120 ஆல் பெருக்கினால் மைனஸ் 262 என்று விடை வரும். மவுண்ட்டைக் கால் மீட்டர் தள்ளி, காற்றில் பொருத்தச் சொல்கிறது! ஸ்ப்ரெட்ஷீட் கோணத்தை டிகிரியாக எடுத்துக்கொள்வதில்லை, ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். எனவே முதலில் ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனுக்குள் 2 ஐக் கொடுத்து, அதன் விடையை டேன் ஃபங்ஷனுக்குள் கொடுங்கள். 4.2 மில்லிமீட்டர் என்று சரியாக வரும். 3 டிகிரிக்கு 6.3. நான் எஞ்சினை 15 மில்லிமீட்டர் முன்னால் தள்ளியதால் தூரம் 120 இலிருந்து 135 ஆகிவிட்டது. ஆகவே என் மவுண்ட்டின் நடுப்புள்ளி 4.7 இடப்பக்கம், 7.1 மேலே. ஈர்ப்பு மையத்துக்காகச் செய்த மாற்றம் இங்கே வந்து நிற்கிறது பாருங்கள்! முதலில் தூரத்தை முடிவு செய்து, பிறகு துளைகளுக்குப் போகச் சொன்னது இதனால்தான்.

இடப்பக்கம் என்றால் விமானத்துக்குள் முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் பைலட்டின் இடப்பக்கம். ஃபயர்வாலைப் பார்த்தபடி முன்னால் நிற்கும் உங்களுக்கு அது வலது கை பக்கம். படத்தில் பெரிதாக "விமானத்தின் இடது" என்று எழுதி வைத்துக் கொள்ளுங்கள். எனக்கு ஒரு ப்ளைவுட் பலகை இதில் வீணாயிற்று.

கோணம் கொடுக்க மவுண்ட்டுக்குப் பின்னால் வாஷர் வைக்கலாம். துளைகளுக்கு இடையே 40 மில்லிமீட்டர் என்றால் 3 டிகிரிக்கு மேல் போல்ட்டுகளில் 2.1, 2 டிகிரிக்கு இடது போல்ட்டுகளில் 1.4. ஆக, மேல் இடதில் 3.5, மேல் வலதில் 2.1, கீழ் இடதில் 1.4, கீழ் வலதில் ஒன்றும் வேண்டாம். என்னைக் கேட்டால், இதே அளவில் ப்ளைவுட்டை ஆப்பு போலத் தேய்த்து வைப்பதுதான் சிறந்தது. மவுண்ட் முழுவதும் பலகையில் படிந்து உட்காரும்.

பிரிண்டர் செய்யும் குறும்பு

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயம். அந்தக் கையேட்டின் பக்கங்கள் அமெரிக்க லெட்டர் அளவில் இருந்தன, அதாவது 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் பிரிண்டரில் இருப்பது ஏ4 தாள், 210 அகலம், 297 உயரம். அகலமான பக்கத்தைக் குறுகலான தாளில் அடக்க வேண்டுமே என்று, பிடிஎஃப் ரீடர் நமக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சுருக்கிவிடும். பிரிண்ட் விண்டோவில் "ஃபிட்" என்ற ஆப்ஷன் தேர்வாகியிருந்தால் இதுதான் நடக்கும். கடிதமோ டிக்கெட்டோ பிரிண்ட் எடுக்கும்போது நான்கு சதவீதம் சுருங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? துளையிடும் படத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர்.

எனவே அளவுப் படம் எதுவாக இருந்தாலும், தையல் பேட்டர்ன் ஆனாலும் சரி, "ஆக்சுவல் சைஸ்" என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஸ்கேல் என்று கேட்டால் 100 சதவீதம். அதையும் நம்பிவிடாமல், தாளில் உள்ள ஏதாவது ஒரு தெரிந்த அளவை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

இரண்டாவது முறை நான் கையேட்டின் படத்தையே தொடவில்லை. லிப்ரே ஆபீஸுடன் வரும் டிரா புரோகிராமில் நானே வரைந்தேன். நடுக்கோடுகள் இரண்டு, மவுண்ட்டின் மையம், நான்கு சிறு வட்டங்கள், அவ்வளவுதான். ஒரு வட்டத்தைத் தேர்வு செய்து எஃப் 4 கீயைத் தட்டினால் அதன் இடத்தையும் அளவையும் மில்லிமீட்டரில் டைப் செய்யும் விண்டோ வரும். மவுஸால் தோராயமாக இழுக்க வேண்டிய வேலை இல்லை. அதே தாளின் ஓரத்தில் குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் சரியாக 100 மில்லிமீட்டர் நீளக் கோடுகள் போட்டேன். பிரிண்ட் வந்ததும் முதலில் அளந்தது அவற்றைத்தான்.

துளையிட்ட பிறகு

முதலில் 2 மில்லிமீட்டர் பிட்டால் சிறு துளை, பிறகு போல்ட்டின் அளவு. பலகையின் பின்பக்கம் பல் உள்ள பிளைண்ட் நட் போட்டு இறுக்குங்கள். மரத்தில் நேரடியாக ஸ்க்ரூ முடுக்கினால் நிற்காது. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு நொடியும் 200 முறை அந்தப் போல்ட்டுகளை உலுக்குகிறது. போல்ட் மரையில் ஒரு சொட்டு த்ரெட் லாக் பசை விடுங்கள். துளை பொருந்தவில்லை என்றால் அரத்தைத் தொடாதீர்கள். பழைய துளைகளை எபாக்ஸி தடவிய மரக்குச்சியால் அடைத்து, காய்ந்ததும் புதிதாகப் போடுங்கள். ப்ளைவுட் எரிபொருளையும் எண்ணெயையும் உறிஞ்சி ஊறிப்போகும் என்பதால் ஃபயர்வால் முழுவதும், துளைகளின் உள்பக்கமும் சேர்த்து, எபாக்ஸி மெல்லியதாகப் பூச வேண்டும். டாங்க்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் ஊசி மட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும். டாங்க்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள், அதிர்வில் எரிபொருள் நுரைக்காது.

எஞ்சினை ஓட விடும்போது ப்ரொப்பெல்லருக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. முன்னாலிருந்து ஸ்டார்ட் செய்தாலும் உடனே பின்பக்கம் வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு போல்ட்டுகளையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். பறக்கவிடும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் டிரோன் விதிகள் 2021 மாடல் விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விமான நிலையங்களின் அருகே அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மட்டும், ஆட்கள் இல்லாத வெளியில் பறக்கவிடுங்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள் இருந்தால் அவர்கள் ஆட்டம் முடியும் வரை காத்திருக்கலாம், நான் இப்போது காத்திருக்கிறேன்.

கால்க் ஃபைலை விமானத்தின் பெயரில் சேவ் செய்து வையுங்கள். ப்ரொப்பெல்லர் மாற்றினால், பேட்டரி மாற்றினால், பழைய ஃபைலைத் திறந்து அந்த ஓர் எடையை மட்டும் மாற்றி, "சேவ் அஸ்" கொடுத்துத் தேதியுடன் வேறு பெயரில் சேமித்தால் முந்தைய அளவுகளும் அழியாமல் இருக்கும்.